டிஜே செட்: புதுசாக மலிவானதா, பழசாக விலை கூடினதா?

2025 யூன் 3, மாலை. சாவகச்சேரியிலிருந்து வந்த கேள்வி

"அண்ணைமார், சீட்டுக் காசு ஐந்து லட்சம் வரப் போகிறது. சாமத்தியவீடு, பிறந்தநாள், சின்னக் கலியாணவீடுகளுக்கு அடிக்க ஒரு டிஜே செட் போட வேண்டும். இந்தக் காசுக்கு மலிவுச் சாமான் என்றால் புதுசாக முழுச் செட்டும் வரும். நல்ல பிராண்ட் என்றால் பாவித்ததில் பாதிதான் வரும், மிச்சத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். எது நாள்பட நிற்கும்?"

2025 யூன் 3, இரவு 11.50

தம்பி, முழுச் செட்டுக்கும் ஒரே பதில் தேடினால் காசு போய்விடும். 2011 இல் இரண்டு ஸ்பீக்கர்ப் பொக்ஸோடும் இரவல் லப்டொப்போடும் தொடங்கியவன் நான், இப்போது சுன்னாகத்தில் சொந்தச் செட் வைத்து ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் கண்டது: பாட்டுகளைக் கலக்கிற கொன்ரோலரில் மிச்சம் பிடியும், பொக்ஸிலும் வயரிலும் காசைப் போடும். கொன்ரோலரை நீர் மட்டும்தான் தொடுவீர், மேசையில் இருக்கும், மடியில் வைத்துக் கொண்டு போவீர். பொக்ஸை நாலு பேர் தூக்குவார்கள், நாலு பேரும் நாலு விதமாக வைப்பார்கள், அதன் மேல் யாரோ ஒருவர் சோடாப் போத்தலை வைப்பார், பந்தல்காரர் அதில் ஏறி நின்று பல்ப் கட்டுவார். அடி வாங்குகிற சாமானுக்குத்தான் காசு போக வேண்டும்.

நாளை விரிவாக எழுதுகிறேன். இப்போதுதான் மானிப்பாயில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

2025 யூன் 4, காலை

பொக்ஸ் வாங்கும்போது எல்லோரும் வாட்ஸைத்தான் கேட்பார்கள். நீர் முதலில் பின்பக்கத்தில் வயர் கொழுவுகிற தட்டைக் கழற்றி, பலகை என்ன என்று பாரும். மலிவுப் பொக்ஸ் பலதும் எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. நல்ல தொழில் பொக்ஸ் பிளைவுட்டில் வரும், இல்லாவிட்டால் தடித்த வார்ப்பு பிளாஸ்டிக்கில் வரும். ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினால் தெரியும்: பிளைவுட் என்றால் அடுக்கு அடுக்காகக் கோடு தட்டுப்படும், எம்டிஎஃப் என்றால் விரலில் மா மாதிரித் தூள் ஒட்டும்.

ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்றால், என்னுடைய முதல் சப், அதாவது அடிச்சத்தத்துக்கான பெரிய பொக்ஸ், இரண்டும் எம்டிஎஃப். கோண்டாவிலில் ஒரு கார்த்திகை மாதத்துப் பிறந்தநாள் வீடு. முற்றத்தில் பந்தல், பந்தலுக்கு மேலே தறப்பாள், மேலிருந்து ஒரு துளி விழவில்லை. ஆனால் கீழே தண்ணீர் ஓடியது, மணி எட்டரைக்கு முற்றம் முழுக்க அரை அங்குலத் தண்ணீர். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன், கீழே பார்க்கவில்லை. விடியத் தூக்கும்போது சப்பின் அடிப்பலகை தேத்தண்ணியில் தோய்த்த பாண் மாதிரி ஊதிப்போய் இருந்தது. காயவைத்தேன், காய்ந்தது, ஆனால் ஊதின பலகை ஊதினதுதான். ஸ்குரூ பிடிக்கவில்லை, இரண்டு மாதத்தில் கைபிடி கையோடு வந்தது. உள்ளே இருந்த ஸ்பீக்கருக்கு ஒன்றும் இல்லை, அதைக் கழற்றி வேறு பெட்டி அடித்துப் போட்டேன். இன்றைக்கும் அடிக்கிறது.

எனவே மலிவு ஸ்பீக்கர் கெட்டது என்று சொல்ல வரவில்லை, கெட்டது அதன் பெட்டி. அன்றிலிருந்து எந்தப் பொக்ஸையும் நிலத்தில் வைப்பதில்லை. இரண்டு செங்கல்லோ பழைய பலட் பலகையோ அடியில் இருக்கும். வீட்டுக்காரர் அழகில்லை என்பார்கள், கறுப்புத் துணி சுற்றிவிடுவேன்.

2025 யூன் 4, மாலை

வயர் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், சுருக்கமாக. மலிவு ஸ்பீக்கர் வயரில் பாதிக்கு மேல் அலுமினியத்துக்குச் செம்பு பூசினது. ஒரு நூலை எடுத்துப் பிளேட்டால் சுரண்டும், உள்ளே வெள்ளை தெரிந்தால் அதுதான். முழுச் செம்பை விட அதற்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல், சோல்டர் ஒழுங்காகப் பிடிக்காது, நாலு தரம் வளைத்தால் உள்ளுக்குள் முறியும். வெளியே உறை நன்றாக இருக்கும், சத்தம் மட்டும் விட்டு விட்டு வரும், அதைத் தேடுவதிலேயே ஒரு நிகழ்ச்சி முடிந்துவிடும்.

முழங்கையில் சுற்றுகிற பழக்கத்தை முதல் நாளே விடச் சொல்லும். ஒரு வளையம் வெளியாலே, அடுத்தது உள்ளாலே என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் வயர் முறுக்காது. எறிந்தால் நேராக விரியும். என்னோடு வருகிற பெடியன்களுக்கு நான் முதலில் காட்டிக் கொடுப்பது இதைத்தான், பாட்டுப் போடுவதைப் பிறகுதான்.

2025 யூன் 7

ரொறொன்ரோவில் இருக்கும் ஓர் அண்ணை எழுதியிருக்கிறார்: "இங்கே பாவித்த நல்ல சாமான் மலிவு, கப்பலில் போட்டு அனுப்பலாம், ஏன் அங்கே மலிவானதோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?" அண்ணை, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அதே நல்ல மனதோடுதான் என் அத்தானும் 2016 இல் அம்பிளிபயர் உள்ளேயே இருக்கிற பவர்ட் ஸ்பீக்கர் இரண்டு அனுப்பினார். வந்த அன்றைக்கே அக்கா பெட்டியைப் பிரித்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, என்னைக் கூப்பிடுவதற்கு முன்னமே மருமகனிடம் கொடுத்துப் பிளக்கில் குத்தச் சொல்லிவிட்டார். "டப்" என்று ஒரு சத்தம், பிறகு மீன் எரிந்த மாதிரி ஒரு மணம்.

கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். புதுச் சாமான் சிலதில் பின்பக்கம் 100-240 என்று எழுதியிருக்கும், அது தானாகச் சமாளிக்கும். சிலதில் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும், ஸ்குரூ டிரைவரால் 230 பக்கம் தள்ள வேண்டும். இரண்டும் இல்லாமல் 120 என்று மட்டும் போட்டிருந்தால் இறக்கு டிரான்ஸ்போமர் இல்லாமல் தொடவே கூடாது. டிரான்ஸ்போமர் போட்டாலும் ஹேர்ட்ஸ் மாறாது, 60 க்கு மட்டும் சுற்றிய பழைய அம்பிளிபயர் 50 இல் அதிகம் சூடாகும்.

எங்களுடையதில் அந்தச் சிவப்பு சுவிட்ச் இருந்தது. 115 இல் இருந்தது. ஒருவரும் பின்னால் திருப்பிப் பார்க்கவில்லை. அத்தானுக்கு இன்றைக்கு வரை நாங்கள் சொன்னது "கப்பலில் அடிபட்டுப் போச்சு" என்றுதான். இதை அவர் வாசித்தால், அத்தான், மன்னித்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் திருத்திவிட்டோம், மற்றதைப் பாகத்துக்கு வைத்திருக்கிறோம்.

2025 யூன் 8

பருத்தித்துறைத் தம்பி ஒருவர் உப்புக் காற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இது நியாயமான கேள்வி. சுன்னாகத்தில் ஐந்து வருடம் நிற்கிற சாமான் கடற்கரை ஊரில் இரண்டு வருடத்தில் பச்சை பூக்கும்.

நெடுந்தீவுக்கு ஒரு கோயில் திருவிழாவுக்குப் போனோம். குறிகட்டுவானில் படகில் ஏற்றினோம். சோளகம் அடிக்கிற காலம், அலை படகின் பக்கத்தில் மோதித் தெறித்துக்கொண்டே வந்தது. தறப்பாளால் மூடித்தான் இருந்தோம், ஆனாலும் இறக்கும்போது பொக்ஸின் கிரில் முழுக்க வெள்ளைப் பொடி. கைவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. திரும்பி வந்து அசதியில் அப்படியே அறையில் அடுக்கிவிட்டோம். மூன்று கிழமை கழித்து எடுத்தபோது மைக் வயரில் வருகிற எக்ஸ்எல்ஆர் பிளக்கின் ஊசிகளில் பச்சைப் பாசி, ஹான்டில் ஸ்குரூ எல்லாம் துரு. அந்த முறை கொண்டு போனது மலிவு பொக்ஸ் இரண்டு, நல்ல பொக்ஸ் இரண்டு. நாலும் ஒரே மாதிரித்தான் வாங்கிக் கட்டின. நல்ல பொக்ஸில் கிரில் பெயின்ட் தாங்கியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பச்சை பூத்த ஊசியை ஐசோபுரோப்பில் அல்ககோலால் துடையும். பொக்ஸையும் அதாலேயே ஒருக்கால் துடைத்துவிடலாம். கடலுக்குக் கொண்டு போகிற சாமானுக்குப் பெட்டி அடித்து, உள்ளே தடித்த ஸ்பொஞ்ச் போட்டு வைத்தால் பயமில்லை.

2025 யூன் 9

நேற்று எழுதினதில் ஒரு பிழை. பாடசாலையில் இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவருக்கு நன்றி. உப்பு அல்ககோலில் கரையாது. துடைத்தால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். உப்பை எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும். அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதுசு: காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் ஊரில் இரவில் அந்த ஈரம் அடிக்கடி வரும். அதாவது மூடி வைத்த அறைக்குள்ளும் அந்தப் பொடி ஒவ்வோர் இரவும் நனைந்து நனைந்து காய்ந்திருக்கிறது. மூன்று கிழமையில் ஏன் துருப்பிடித்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது.

எனவே: துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து வெளிப்பக்கம் துடையும், காயவிடும், அதன் பிறகு பிளக் ஊசிகளுக்கு மட்டும் அல்ககோல். தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் கிணறெல்லாம் சுண்ணாம்புக் கல்லில் வெட்டினது, கேத்திலின் அடியில் படிகிறதே, அதே வெள்ளை பொக்ஸிலும் படியும். பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வையும், மாதக்கணக்கில் வரும்.

2025 யூன் 15, ஞாயிறு

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சித்தப்பா எண்பதுகளில் லவுட்ஸ்பீக்கர் வைத்திருந்தவர். கோயில், கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவருடைய ஹோர்ன்தான் பனையில் கட்டப்படும். 1990 இல் சண்டை மீண்டும் தொடங்கி, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு, வீடுகளில் சைக்கிளை நிமிர்த்தி வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோக் கேட்டோம், நான் சின்னப் பெடியன், மிதிப்பது என் வேலை. சித்தப்பா அம்பிளிபயரைக் காரின் பழைய பற்றரி ஒன்றில் ஓட்டினார். 1995 ஒக்டோபர் 30 அன்று சண்டை நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுக்க வீடுகளை விட்டு எழும்பி நடந்தபோது, அவர் சைக்கிளின் பின் கரியரில் அரிசி மூட்டையும், முன் பாரில் சாக்கில் சுற்றிய அந்த அம்பிளிபயரும். நாவற்குழியால் சனத்துக்குள் தள்ளித் தள்ளி, தம்பி, உம்முடைய சாவகச்சேரிப் பக்கம்தான் வந்து சேர்ந்தார். சித்தி வழி முழுக்கப் பேசினாராம், இரும்பைத் தூக்குகிறாய், பிள்ளைகளின் உடுப்பை விட்டுவிட்டாய் என்று.

அந்த அம்பிளிபயர் இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே 2என்3055 டிரான்சிஸ்டர் நாலு, கைமுட்டி அளவு இரண்டு கப்பாசிற்றர், தூக்க முடியாத ஒரு டிரான்ஸ்போமர். இதுவரை டிரான்சிஸ்டர் இரண்டு தரம் மாற்றியாயிற்று, கப்பாசிற்றர் ஒரு தரம். சோல்டரிங் அயன் இருக்கிற எவரும் மாற்றலாம், பாகம் யாழ்ப்பாணம் ரவுணிலேயே கிடைக்கும். வாங்கின காலத்தில் அது மலிவானதா விலை கூடினதா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். ஒரு பரப்புத் தோட்டத்தை ஈடு வைத்து வாங்கினாராம்.

2025 யூன் 16

நேற்று அதை எழுதிவிட்டு இரவு படுக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் நான் சொன்ன பதிலை மாற்ற வேண்டும்போல் இருக்கிறது.

சித்தப்பாவின் அம்பிளிபயர் நின்றது விலை கூடினதாலா, திறக்கக் கூடியதாலா? இப்போது வருகிற விலை கூடிய பவர்ட் பொக்ஸுக்குள் இருப்பது டி வகுப்பு அம்பிளிபயர், சுவிட்சிங் பவர் சப்ளை, எள்ளுப்போல் பாகங்கள் ஒட்டின ஒரு பலகை. பாரம் குறைவு, சத்தம் கூட, வேலை செய்யும்வரை அதைப் போல ஒன்று கிடையாது. போனால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும், பலகைக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். 2022 இல் ரூபா விழுந்து இறக்குமதி நின்றபோது என்னுடைய நல்ல பொக்ஸ் ஒன்று பதினொரு மாதம் மேசைக்குக் கீழே கிடந்தது. அந்தப் பதினொரு மாதமும் உழைத்துத் தந்தது, பாரமான டிரான்ஸ்போமர் வைத்த பழைய அம்பிளிபயரும், பெட்டி மாற்றிய அந்தக் கோண்டாவில் ஸ்பீக்கரும்தான்.

எனவே இப்போது இப்படிச் சொல்கிறேன்: வாங்க முதல் "இது போனால் யார் திறப்பார், பாகம் எங்கே" என்று கேளும். பதில் யாழ்ப்பாணத்துக்குள் கிடைத்தால் வாங்கும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டேர்ன்டேபிள் 1979 இல் வந்தது, 2010 வரை அந்த வரிசையைப் பெரிய மாற்றமில்லாமல் செய்தார்கள், அதனால் உலகம் முழுக்கப் பாகம் கிடக்கிறது, திறக்கத் தெரிந்தவனும் கிடைக்கிறான். ஷூர் எஸ்எம்58 மைக்கும் அப்படித்தான், 1966 இலிருந்து அதே உருவம், கிரில் நசுங்கினால் கிரில் மட்டும் வாங்கலாம். ஆனால் அதற்குப் போலி நிறைய வருகிறது, பாதி விலை என்றால் தொடவேண்டாம்.

2025 யூன் 16, பின்னேரம்

மலிவு கொன்ரோலரைத் திறந்தால் என்ன இருக்கும் என்று கேட்டவருக்கு. நேற்று ஒன்றைத் திறந்தேன், ஒரு பாட்டிலிருந்து மற்றதுக்குத் தள்ளுகிற குரொஸ்ஃபேடர் கரகரக்கிறது என்று ஒரு பெடியன் கொண்டு வந்தது.

பின்பக்கம் பதினாறு ஸ்குரூ. மூடி வந்ததும் உள்ளே ஒரே ஒரு பச்சைப் பலகை, ஃபேடர் அதிலேயே நேரடியாகச் சோல்டர். விலை கூடின மிக்ஸர்களில் ஃபேடர் தனிச் சின்னப் பலகையில் வரும், மேலே நாலு ஸ்குரூ, ஒரு ரிபன் வயர், மேடையிலேயே மாற்றிவிடலாம். இதில் முழுப் பலகையையும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்து, ஃபேடரின் தகட்டு மூடியை மெல்ல நிமிர்த்தினேன். உள்ளே கறுப்புக் கார்பன் பாதை இரண்டு, அதன் மேல் ஓடுகிற சின்ன உலோகச் சீப்பு, தலைமயிர் தடிப்பில் ஐந்தாறு பல்லு. பாதையின் நடுவில், சரியாக பெடியன் அடிக்கடி வெட்டுகிற இடத்தில், சிவப்பாக ஒரு பிசின். நெக்டோ சோடா. அதில் கேக் ஐசிங் மினுக்கத் தூள் நாலைந்து ஒட்டியிருந்தது, ஒரு எறும்பின் காலும்.

அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஃபேடருக்கென்று விற்கிற எண்ணெயில் ஒரு துளி விட்டு மூடினேன். இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அவன் முதலில் என்ன செய்தான் தெரியுமா, துருவுக்கு அடிக்கிற டபிள்யூடி-40 ஐ மேலாலேயே அடித்திருக்கிறான். அது துருப்பிடித்த ஆணிக்குச் சரி, ஃபேடருக்கு ஆகாது. உள்ளே இருந்த எண்ணெயைக் கழுவிவிட்டுத் தான் ஒரு படையாக நிற்கும், பிறகு தூசி வந்து ஒட்டும்.

மேசையில் கொன்ரோலருக்கு வலப்பக்கம் எந்தப் போத்தலும் வரக் கூடாது. வீட்டுக்காரர் அன்பாகக் கொண்டு வந்து வைப்பார்கள், வாங்கிக் குடித்துவிட்டு வெறும் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

2025 யூன் 29

ஜெனரேற்றர். இதை முதலே எழுதியிருக்க வேண்டும்.

முதலில் ஜெனரேற்றரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் நிற்கவிடும், மீற்றரை வைத்து 230 பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் சாமானைக் கொழுவும். முடியும்போது சாமானை முதலில் நிறுத்தும், எஞ்சினைக் கடைசியில். சாமானுக்குள்ளும் வரிசை இருக்கிறது: மிக்ஸர் முதலில், அம்பிளிபயர் கடைசியில். நிறுத்தும்போது மறுவளம். ஒரே ஜெனரேற்றரில் பந்தலின் பெரிய விளக்குகளும் உம்முடைய சாமானும் இருந்தால், யாராவது விளக்குகளைத் திடீரென்று நிறுத்தும்போது வோல்ட் ஒரு கணம் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் மலிவுப் பவர் சப்ளை போகிறது. விலை கூடினது தாங்கும், எப்போதும் இல்லை.

இதைவிடப் பயங்கரம், கரன்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் கழன்றால் வருவது. ஒரு ஹோலில், ஊர் வேண்டாம், மணமக்கள் உள்ளே வருகிற நேரம். இடப்பக்க விளக்குகள் திடீரென்று வெள்ளையாக எரிந்தன, வலப்பக்கம் மங்கியது. கரன்ட் கூடுகிறது என்று நினைத்துச் சனம் கைதட்டியது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது, மூன்று பேஸ், அதாவது மும்முனை, இணைப்பில் நியூட்ரல் விட்டால் ஒரு பக்கத்துக்கு 230 க்குப் பதிலாக 400 வரை ஏறும். பாட்டு நடுவில் நின்றாலும் பரவாயில்லை என்று மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். மணமகளின் தகப்பன் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. பத்து நிமிடத்தில் ஹோலின் ஏசி இரண்டு புகைந்த பிறகு அவரே வந்து கையைப் பிடித்தார்.

வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் தானாக வெட்டிவிடுகிற காவல் பெட்டி ஒன்று விற்கிறது. உம்முடைய ஐந்து லட்சத்தில் முதல் வாங்க வேண்டியது அதுதான். இன்னொன்று: ஹம் சத்தம் வருகிறது என்று பிளக்கின் ஏர்த் ஊசியை வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நனைந்த பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது யாருடையோ பிள்ளை. சத்தம் போகிற வயருக்கு நடுவில் கொழுவுகிற டிஐ பொக்ஸ் ஒன்று போட்டால் பெரும்பாலும் ஹம் போகும், ஏர்த்தைத் தொட வேண்டாம்.

2025 யூலை 2

"சின்ன அம்பிளிபயர் போட்டால் பொக்ஸ் எரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எரியும். சின்ன அம்பிளிபயரைச் சனம் "கூட்டு கூட்டு" என்று கத்தக் கத்த முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட அலையில் கீச்சு ஓசைகள் கூடும், அதெல்லாம் போய்ச் சேர்வது மேலே இருக்கிற சின்னக் கொம்பின் டயபிரமில். சிவப்பு லைற் எரிந்தால் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ரிதம் காலில் உதைக்க வேண்டுமென்றால் பொக்ஸைச் சுவர் மூலைக்குத் தள்ளும், அடிச்சத்தம் சும்மா கூடும்.

2025 ஓகஸ்ட் 10

ஒரு மாதமாக எழுதவில்லை, சீசன். இன்னொரு திருத்தம்.

யூன் 8 இல் பெட்டிக்குள் தடித்த ஸ்பொஞ்ச் போடச் சொன்னேன். இப்போது என் பெட்டியையே திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஸ்பொஞ்ச் நாலு வருடத்தில் உதிர்ந்து, பழைய மைசூர்பாகு மாதிரித் தொட்டால் விரலில் ஒட்டுகிறது, மிக்ஸரின் நொப் எல்லாவற்றுக்குள்ளும் அதன் தூள். பொலியூரிதேன் ஸ்பொஞ்ச் எங்கள் ஈரச் சூட்டில் மெல்ல மெல்ல உக்கும். ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பாய் மாதிரி வருகிற பொலித்தீன் ஃபோம் போடும், தண்ணீர் ஏறாது. பெட்டிக்குள் ஈரம் இழுக்கிற சிலிக்கா பொதிகளும் போடும், நிறம் மாறுகிற வகை என்றால், மாறினதும் மணிகளை மட்டும் வெளியே எடுத்து மெல்லிய சூட்டில் காயவைத்துத் திருப்பிப் போடலாம்.

யாராவது என் பேச்சைக் கேட்டு ஸ்பொஞ்ச் வாங்கியிருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

2025 ஓகஸ்ட் 24, அதிகாலை 1.15

கையில் இரத்தம் காயவில்லை, ஆனால் மறக்க முதல் எழுத வேண்டும்.

சாமான் கெடுகிறது எப்போது என்று இத்தனை நாளும் உப்பு, மழை, கரன்ட் என்று எழுதினேன். இன்று நின்று பார்த்தேன். ஒலிபெருக்கிக்கு எங்களுக்கு இருந்த அனுமதி இரவு 10 மணி வரைதான், பொலிஸ் வந்துவிட்டது, வீட்டுக்காரர் முற்றத்தைக் கூட்ட வேண்டும் என்கிறார், பெடியன்களுக்குப் பசி, பட்டா என்கிற சின்ன லொறிக்காரர் இன்னொரு ஓட்டத்துக்குப் போகவேண்டும் என்று ஹோர்ன் அடிக்கிறார். இருட்டுக்குள் இருபது நிமிடத்தில் ஏற்றினோம். வயரைப் பிடித்து இழுத்துப் பிளக்கைக் கழற்றினார்கள். மைக் ஸ்டான்ட் சப்பின் கோனுக்கு நேரே குத்திக்கொண்டு நின்றது, நான் கையைக் கொடுத்துத் தடுத்ததில்தான் இந்தக் காயம். சூடு ஆறாத அம்பிளிபயரைப் போர்வையால் சுற்றியிருக்கிறார்கள். ஐந்து மணி நேரம் ஆடின சாமானுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஏற்றின இருபது நிமிடத்தில் மூன்று இடத்தில் ஆபத்து.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து ஒன்பதரைக்குக் கடைசிப் பாட்டு என்று வீட்டுக்காரரிடம் முதலே பேசிவிடுவேன். பெடியன்களுக்கு ஒன்பது மணிக்கே சாப்பாடு. நெற்றியில் கட்டுகிற லைற் ஒவ்வொருவருக்கும். காசு குறைவு என்றால் டிஜே லைற்றில் ஒன்றைக் குறைத்து இதை வாங்குங்கள்.

2025 செப்டெம்பர் 6

சாவகச்சேரித் தம்பி எழுதியிருக்கிறார்: பாவித்த பிளைவுட் பொக்ஸ் இரண்டு, பழைய பாரமான அம்பிளிபயர், புது மலிவுக் கொன்ரோலர், காவல் பெட்டி, முழுச் செம்பு வயர் என்று வாங்கிவிட்டாராம், சப்பை வாடகைக்கு எடுக்கிறாராம். சந்தோசம். ஆனால் மூன்றாவது நிகழ்ச்சியில் அம்பிளிபயர் பியூஸ் அடித்து, திரும்பப் போட்டால் திரும்ப அடிக்கிறதாம், "பழசு வாங்கினது பிழையோ அண்ணை" என்கிறார்.

தம்பி, டிரான்சிஸ்டர் என்று நினைத்துக் கழற்ற முதல், பிளக்கைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் வையும், கழற்றின பிறகும் பெரிய கப்பாசிற்றருக்குள் கரன்ட் தங்கியிருக்கும். பிறகு மேல் மூடியைத் திறந்து, காற்று போகிற பின்பக்கத்து வாய்க்குள் டோர்ச் அடித்துப் பாரும். எனக்கு மூன்று தரம் நடந்தது, மூன்று தரமும் பல்லி. சூட்டுக்கு வந்து டெர்மினலுக்கு நடுவில் படுத்து, கருகி, கம்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாய்க்கு நுளம்பு வலை ஒரு துண்டு ஒட்டிவிட்டால் வராது, மாதம் ஒருக்கால் தூசி தட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடைத்துச் சூடாகும்.

பல்லி இல்லையென்றால் சனிக்கிழமை காலை சுன்னாகத்துக்குக் கொண்டு வாரும். டிரான்சிஸ்டர் என்னிடம் இருக்கிறது. நீரே மாற்றுவீர், நான் பக்கத்தில் இருக்கிறேன்.